மதியச் சாப்பாடு ஒருவருக்கு

சாப்பாட்டுக் கூடத்தில் மொத்தம் நானூறு நாற்காலிகள். நோன்பு மாதம் பிறந்ததும், சமையலறைப் பெண்கள் விடியற்காலைச் சாப்பாடு முடிந்த கையோடு அத்தனையையும் கவிழ்த்து மேசைகளின்மேல் ஏற்றிவிடுவார்கள். மாலையில்தான் திரும்ப இறக்குவார்கள். தினேஸ்வரி மதியம் ஒன்று ஐம்பதுக்கு வந்து, கதவோரத்து மேசையிலிருந்து ஒரே ஒரு நாற்காலியை இறக்குவாள். அதன் இரும்புக் கால் சிமெண்டுத் தரையில் உரசுகிற சத்தம் கூடத்தின் மறுகோடிவரை போய்த் திரும்பி வரும். அந்தச் சத்தம் அடங்கும்வரை உட்காராமல் நிற்பாள்.

சமையலறை வாசலில் ஒரு வெள்ளைப் பலகை தொங்கியது. ஒவ்வொரு வேளைக்கும் எத்தனை பேர் என்று அதில் எழுதியிருக்கும். விடியற்காலை 385, மதியம் 1, மாலை 386. உடல்நிலை காரணமாக நோன்பில்லாத மாணவிகள் எந்நாளும் சிலர் இருப்பார்கள். ஆனால் அவர்கள் அறையிலேயே ரொட்டியோ பிஸ்கட்டோ மறைத்துத் தின்றுகொள்வார்களே தவிர, கூடத்துக்கு வருவதில்லை. ஆகவே அந்த ‘1’ தினேஸ்வரிதான்.

அவளுக்குப் பதினாறு வயது. மலேசியாவின் ஆயர் தாவாரிலிருந்து பதினொரு கிலோமீட்டர் தள்ளி, முன்பு ரப்பர் தோட்டமாக இருந்து இப்போது எண்ணெய்ப்பனைக் காடாகிவிட்ட ஓர் இடத்தின் ஓரத்தில் இருபத்திரண்டு வீடுகள் இருக்கின்றன. தோட்டத்தை விற்றபோது லயத்து வீடுகளை விட்டு வந்தவர்களுக்குக் கிடைத்த வீடுகள் அவை. பன்னிரண்டாம் எண் வீடு அவளுடையது. அப்பா சுகுமாரன் பனங்குலை ஏற்றும் லோரி ஓட்டுபவர். அம்மா நவமணி கையுறைத் தொழிற்சாலையில் வேலை செய்கிறாள். தங்கை ஷர்மினி ஆறாம் வகுப்பு. அக்காவும் தங்கையும் ஒரே மெத்தையில் முதுகோடு முதுகு ஒட்டிப் படுத்து வளர்ந்தவர்கள். தனியாகப் படுப்பது எப்படியிருக்கும் என்று தினேஸ்வரிக்குத் தெரியவே தெரியாது.

மூன்றாம் படிவத்தில் அவள் எடுத்த மதிப்பெண்களுக்கு ஈப்போவுக்கு வெளியே, சுண்ணாம்புக் குன்றுகளுக்குக் கீழே இருந்த ஒரு முழுநேர விடுதிப் பள்ளியில் இடம் கிடைத்தது. பெண்கள் மட்டும் படிக்கும் பள்ளி. அந்த இருபத்திரண்டு வீடுகளிலிருந்து அப்படியொரு பள்ளிக்குப் போகும் முதல் ஆள் அவள்தான். கிளம்பும் முன் மாரியம்மன் கோயிலில் நிற்கவைத்துப் பொன்னாடை போர்த்தினார்கள். கோயில் செயலாளர் தேவன் ஒலிபெருக்கியில், “நம்ம சுகு மக நாளைக்கு டாக்டரா வந்து நமக்கே ஊசி போடும், இப்பவே எல்லாரும் பழகிக்குங்க!” என்று சொல்லிச் சிரிக்கவைத்தார்.

பிப்ரவரி பதினேழாம் தேதி, திங்கட்கிழமை, அவள் பள்ளியில் சேர்ந்தாள். இரண்டாம் மாடியில் இருபத்து நான்கு கட்டில்கள் போட்ட ஒரு நீள அறை. அவளுக்குப் பதினேழாம் எண் கட்டில். பக்கத்துக் கட்டிலில் தெலுக் இந்தானிலிருந்து வந்த பிரமிளா. நான்காம் படிவத்தில் சேர்ந்த அவர்கள் இருவர்தாம் அந்த ஆண்டு பள்ளியிலேயே முஸ்லிம் அல்லாத பிள்ளைகள். முதல் இரண்டு நாட்கள் சும்மா சிரித்துக்கொண்டார்கள்; மூன்றாம் நாள் முதல் ஒட்டிக்கொண்டார்கள். மாலையில் மற்றப் பிள்ளைகள் தொழுகைக்குப் போய்விட, அறையில் இந்த இருவர் மட்டும் இருப்பார்கள். பிரமிளா எல்லா மின்விசிறிகளையும் முழு வேகத்தில் போட்டுவிட்டுக் கட்டில்களுக்கு நடுவே நடந்துகொண்டே, “இப்ப இது நம்ம பங்களாலா. உனக்கு எந்த ரூம் வேணும், சொல்லு,” என்பாள். தினேஸ்வரி வயிறு வலிக்கச் சிரிப்பாள்.

பிரமிளா இருந்தது ஒன்பது நாள். பத்தாம் நாள் காலையில் அவளுடைய அப்பா வந்து அழைத்துப் போய்விட்டார். பெட்டியைப் பூட்டும்போது, “என்னால முடியல தினேஸ். கோவிச்சுக்காத,” என்று மட்டும் சொன்னாள். அன்று மாலை தினேஸ்வரி ஒரு மின்விசிறியைத்தான் போட்டாள்.

அதற்கு அடுத்த சனிக்கிழமை பொதுத் தொலைபேசியில் வீட்டுக்குப் பேசினாள். பின்னால் வரிசையில் நின்றவர்களுக்குக் கேட்காதபடி வாயைக் கையால் மூடிக்கொண்டு, “அப்பா, நானும் வந்துடுறேன்பா,” என்றாள்.

“எங்க வர?”

“வீட்டுக்குலா. பிரமிளாகூட போயிட்டா.”

“அவ போனா போறா. நீ ஏன் போகணும்? கோயில்ல பொன்னாட போத்துனாங்களே, அத மடிச்சு திருப்பிக் கொடுத்துட்டு வரப்போறியா?”

அப்பாவுக்குப் பின்னாலிருந்து அம்மாவின் குரல் கேட்டது. “சாப்டாளான்னு கேளுங்க மொத!”

“சாப்டியாம்மா?”

“சாப்டேன்பா.”

“அப்புறம் என்ன? ஒரு வருஷம் பல்லக் கடிச்சுக்கிட்டு இரு. தானா பழகிரும்.”

பள்ளி மாற விரும்புகிறவர்கள் பெற்றோர் கையெழுத்துப் போட்ட விண்ணப்பப் பாரத்தை மார்ச் இருபத்தேழாம் தேதி, வியாழக்கிழமை மாலை நான்கு மணிக்குள் அலுவலகத்தில் கொடுக்கவேண்டும். அந்த நேரம் தாண்டினால் அடுத்த ஆண்டு ஐந்தாம் படிவம் முடியும்வரை அதே பள்ளிதான். அறிவிப்புப் பலகையில் இருந்த இந்த வரிகளை அவள் தினமும் ஒரு தடவை படித்தாள். வேண்டியது ஒரு கையெழுத்து. அதை அப்பா போடமாட்டார்.

மார்ச் இரண்டாம் தேதி நோன்பு தொடங்கியது. யாரும் அவளை ஒரு வார்த்தை தவறாகச் சொன்னதில்லை. “நீ சாப்பிடு, எங்களுக்கு ஒன்றுமில்லை,” என்று எதிர்க் கட்டில் அய்னா முதல் நாளே சொன்னாள். கோலகங்சாரிலிருந்து வந்த கெட்டிக்காரப் பெண் அவள். விடுதிக் காப்பாளர் பூவான் ஹஸ்னா கணக்கு ஆசிரியை. எதையும் எழுத்தில் வைத்துக்கொள்கிறவர். தினேஸ்வரிக்கு மதியச் சாப்பாடு தவறக்கூடாது என்று சமையலறைக்கு எழுதிக் கொடுத்திருந்தார். அதன்படி, பிள்ளைகள் காக், அதாவது அக்கா, என்று கூப்பிடும் சமையல்காரி ரொகாயா நோன்போடு நோன்பாக அடுப்படியில் வெந்து, ஒரு ஆளுக்கு மட்டும் சோறும் முட்டையும் கீரையும் சமைத்து, தட்டின்மேல் இன்னொரு தட்டைக் கவிழ்த்து மூடி வைத்துவிட்டு உள்ளே போய்விடுவாள்.

தினேஸ்வரி எட்டு நாள் சாப்பிட்டாள். முந்நூற்றுத் தொண்ணூற்றொன்பது நாற்காலிகள் கால்களை மேலே தூக்கிக்கொண்டு நிற்க, அவற்றின் நடுவே கரண்டி தட்டில் படாமல் சாப்பிடப் பழகினாள். தண்ணீரைக்கூட மெதுவாக விழுங்கினாள். அறைக்குத் திரும்பும்போது எல்லோரும் வாடிய முகத்தோடு படுத்திருப்பார்கள். முட்டை வாசம் தன் கையில் இருப்பதாகத் தோன்றும். இரண்டு தடவை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் உள்ளே நுழைவாள். அப்படியும் யாரோ மூக்கை உறிஞ்சினால் திக்கென்றிருக்கும். சளி பிடித்த பிள்ளையாகத்தான் இருக்கும்.

மார்ச் பத்தாம் தேதி திங்கட்கிழமை ஒன்று ஐம்பதுக்கு அவள் கூடத்துக்குப் போகவில்லை. முன்கூட்டி முடிவு செய்ததில்லை. படிக்கட்டுவரை வந்தவள் திரும்பிப் போய்த் தன் கட்டிலில் படுத்துக்கொண்டாள். அறையில் எல்லோரும் படுத்திருந்தார்கள், அவளும் படுத்திருந்தாள். மேலே மின்விசிறிகள் ஆறும் சுற்றின. பசித்தது. ஆனாலும் ஒன்பது நாளில் அன்றுதான் மதியம் லேசாக இருந்தது.

மாலை நோன்பு திறக்கும் நேரத்தில் அய்னா அவளைக் கவனித்தாள். தட்டைத் தொடாமல், மற்றவர்கள் மாதிரியே மணியை எதிர்பார்த்து உட்கார்ந்திருந்தாள் அவள்.

“நீயும் புவாசாவா?” என்று நோன்புக்கான மலாய்ச் சொல்லில் கேட்டாள் அய்னா.

தினேஸ்வரி தலையாட்டினாள்.

“ஏய், தினேஸ் நம்மோடு புவாசா இருக்கிறாள்!” என்று அய்னா மேசை முழுக்கக் கேட்கச் சொன்னாள். பேரீச்சம்பழத் தட்டு கைமாறிக் கைமாறி அவளிடம் வந்தது. யாரோ நகர்ந்து, மேசைக் கோடியில் இருந்தவளை நடுவுக்கு இழுத்து உட்காரவைத்தார்கள். “தலை வலிக்குதா? முதல் நாள் அப்படித்தான்,” என்றாள் ஒருத்தி. “நான் ஏழு வயதில் கழிவறையில் போய்த் தண்ணீர் குடித்தேன், அம்மாவுக்கு இன்றுவரை தெரியாது,” என்றாள் இன்னொருத்தி. அவ்வளவு பேரும் சிரித்தபோது தினேஸ்வரியும் அதில் இருந்தாள். மறுநாள் விடியற்காலை நாலே முக்காலுக்கு அய்னாவே வந்து அவளுடைய கால் கட்டைவிரலைப் பிடித்து ஆட்டி எழுப்பினாள்.

இப்படி நாலு நாள். அந்த நாலு நாளும் அவள் நினைத்துப் பார்க்காத ஒன்று உண்டு. ‘நாளை முதல் எனக்கு வைக்கவேண்டாம்’ என்று காக் ரொகாயாவிடம் சொல்லவில்லை. முதல் நாள் தோன்றவில்லை. இரண்டாம் நாள் வெட்கம். அதற்குமேல் சமையலறைப் பக்கம் போகவே பயம்.

விடுதி விதிப்படி, சமைத்து உண்ணப்படாத சாப்பாட்டைக் குறிப்பேட்டில் எழுதவேண்டும். நாலாவது தட்டையும் எழுதிய பிறகு காக் ரொகாயா குறிப்பேட்டைக் காப்பாளரிடம் கொண்டுபோனாள். பூவான் ஹஸ்னா தினேஸ்வரியைக் கூப்பிட்டு, “நோன்பா இருக்கிறாய்?” என்று கேட்டார். “ஆமாம்,” என்றாள். “அப்பாவுக்குத் தெரியுமா?” அவள் இல்லையென்று தலையசைத்தாள். பதின்மூன்றாம் தேதி, வியாழன் மாலை ஐந்தரைக்குக் காப்பாளர் ஆயர் தாவாருக்கு ஃபோன் செய்தார்.

சுகுமாரன் வேலை முடிந்து வந்து கொல்லைக் குழாயடியில் கை கால் கழுவிக்கொண்டிருந்தார். கை ஈரமாக இருந்ததால் ஸ்பீக்கரைப் போட்டு ஃபோனைக் குழாய்த் தூணில் வைத்தார். “உங்கள் மகள் நாலு நாளாக நோன்பு இருக்கிறாள், ஐயா. உங்களுக்குத் தெரியுமா?” என்று ஃபோன் மலாயில் உரக்கக் கேட்டது. வேலிக்கு அந்தப் பக்கம் துணி எடுத்துக்கொண்டிருந்த தேவனின் மனைவி நல்லம்மாளின் கை அப்படியே நின்றது. அவள் விருப்பமென்றால் தடையில்லை, பெற்றோர் அறிந்திருக்கவேண்டும் என்பதற்காகத்தான் கேட்கிறேன், ஒரு கடிதம் அனுப்பினால் போதும் என்று பூவான் ஹஸ்னா பொறுமையாகச் சொல்லிக்கொண்டே போனார். சுகுமாரன் காதில் முதல் வாக்கியத்துக்குமேல் எதுவும் ஏறவில்லை.

“ஐயோ நவமணி! புள்ளைய மதம் மாத்திட்டாங்களாடி?” என்று வேலியைப் பிடித்துக்கொண்டு கத்தினாள் நல்லம்மாள். விளக்கு வைப்பதற்குள் இருபத்திரண்டு வீட்டுக்கும் விஷயம் போய்விட்டது.

மறுநாள் வெள்ளிக்கிழமை. தேவனுடைய பழைய காரில் சுகுமாரனும் தேவனும் புறப்பட்டு, பன்னிரண்டு நாற்பதுக்குப் பள்ளி வாசலில் வந்து நின்றார்கள். தினேஸ்வரியை வகுப்பிலிருந்து கூப்பிட்டு அனுப்பினார்கள். பார்வையாளர் கொட்டகையில் அப்பாவைக் கண்டதும் ஓடினாள். அவர் முகத்தைப் பார்த்ததும் பாதி வழியில் நின்றாள்.

“மெலிஞ்சிட்டா பாரு,” என்றார் தேவன். “சொன்னேன்ல சுகு. மொத வயித்தப் பழக்குவாங்க, அப்புறம் பேர மாத்துவாங்க.”

பூவான் ஹஸ்னா வந்தார். அவருக்குப் பின்னால் காக் ரொகாயா, ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு, குறிப்பேட்டைக் கக்கத்தில் இடுக்கியபடி வந்தாள். தேவன் மலாயில் பணிவாகத்தான் பேசினார். ஆனால் ஒவ்வொரு வார்த்தையும் குத்தியது. சின்னப் பிள்ளையை யார் நோன்பு இருக்கச் சொன்னது, மதியம் சோறு போடுகிறீர்களா இல்லையா, மேலிடத்தில் கேட்டால் என்ன பதில் சொல்வீர்கள் என்று அடுக்கினார். காக் ரொகாயா குறிப்பேட்டைத் திறந்து காட்டினாள்.

“நான் தினமும் வைத்தேன், ஐயா. மூன்று மணிவரைக்கும் பார்த்திருந்தேன். வருவாள் என்றுதான் நினைத்தேன்.”

“இப்ப எழுதிக்கூட காட்டலாம். யாரு கண்டா?” என்று தேவன் தமிழில் சுகுமாரனிடம் சொன்னார். காக் ரொகாயாவுக்குத் தமிழ் தெரியாது. ஆனால் முகத்தைப் பார்த்தே அவளுக்குப் புரிந்துவிட்டது. குறிப்பேட்டை மூடிக் கீழே பார்த்தாள்.

மூன்று மணிவரை. தினேஸ்வரிக்கு அது தெரியாது. நாலு மதியமும் ஒரு நோன்புக்காரி தன் ஓய்வை விட்டுவிட்டு ஒரு மூடிய தட்டுக்குக் காவல் இருந்திருக்கிறாள்.

சுகுமாரன் சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த ஒரு தாளை எடுத்தார். “பெட்டியக் கட்டும்மா. பள்ளிக்கூடம் மாத்துற பாரம். ஷர்மினி கம்ப்யூட்டர் கடையில போய் எடுத்தாந்தா. கையெழுத்து போட்டுட்டேன்.”

அந்தக் கையெழுத்துக்காகத்தான் இத்தனை நாள் அவள் அறிவிப்புப் பலகையைப் படித்துக்கொண்டிருந்தாள். அது இப்போது அப்பாவின் கையில் இருக்கிறது. அவள் எதுவும் கேட்கவேண்டியதில்லை, எந்தப் பொய்யும் சொல்லவேண்டியதில்லை. வாயைத் திறக்காமல் இருந்தாலே போதும். இரண்டு மணி நேரத்தில் ஷர்மினி பக்கத்தில் இருப்பாள்.

“யாரும் சொல்லலப்பா,” என்றாள்.

“என்னா?”

“யாரும் என்ன புவாசா இருக்கச் சொல்லல. நானாத்தான் சாப்பிடப் போகல. இவங்க தெனமும் வச்சாங்க.”

“பயந்துகிட்டுச் சொல்லுது,” என்றார் தேவன்.

“பயம் இல்ல மாமா. தைப்பூசத்துக்கு நீங்க காவடிக்கு வெரதம் இருந்தீங்கல்ல? உங்ககூட காவலுக்கு ஜாகா வேல செய்யற பாங் லத்திபும் நாப்பத்தெட்டு நாளு உங்களோட சைவம் சாப்ட்டாருன்னு நீங்கதானே கோயில்ல எல்லார்கிட்டயும் சொன்னீங்க. அவரு இப்ப நம்ம கோயிலுக்கா வாராரு?”

“அது வேற லா,” என்றார் தேவன். சிகரெட்டைத் தேடிச் சட்டைப் பையைத் தடவியவர், நோன்பு மாதத்துப் பள்ளி வளாகம் என்று நினைவு வந்து கையை எடுத்துக்கொண்டார்.

“அப்புறம் ஏன்தான் சாப்பிடல?” சுகுமாரன் கேட்டார். குரல் இறங்கியிருந்தது.

“தனியா சாப்பிட முடியலப்பா.”

“நான் பதினெட்டு வருஷமா லோரில தனியாத்தானே சாப்பிடுறேன்?”

“உங்களுக்கு ரேடியோ இருக்குப்பா.”

சுகுமாரன் சிரித்துவிட்டார். உடனே கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு பூவான் ஹஸ்னாவிடம், தான் சரியாகக் கேட்டுக்கொள்ளாமல் வந்துவிட்டதாகவும், மன்னிக்கவேண்டும் என்றும் மலாயில் சொன்னார். காக் ரொகாயாவைப் பார்த்து நெஞ்சில் கைவைத்துத் தலை தாழ்த்தினார். “இன்னைக்குச் சோறு இருக்கா?” என்று கேட்டார். இருந்தது. ஐந்தாவது தட்டையும் அவள் மூடி வைத்திருந்தாள்.

காப்பாளர் அனுமதி கொடுத்தார். தேவன் காரில் காத்திருக்க, அப்பா மகளோடு கூடத்துக்குள் வந்தார். கவிழ்ந்து நின்ற நாற்காலிகளைக் கதவருகே நின்று சுற்றிப் பார்த்தார். இரண்டு நாற்காலிகளை இறக்கிப் போட்டு, அவள் எதிரே உட்கார்ந்தார். அவள் சாப்பிட்டாள். பாதிச் சாப்பாட்டில், “வாரியா? இப்பவே சொல்லு. கார்ல எடம் இருக்கு,” என்றார்.

இந்தக் கேள்வியை அவர் கேட்பார் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. பாரம் மேசைமேல் இருந்தது. கீரையை ஒரு ஓரமாக ஒதுக்கினாள்.

“இன்னிக்கு வந்தா, தேவன் மாமா சொன்னதுதான் ஊர்ல நிக்கும்பா. இவங்கதான் என்னைய மாத்தப் பாத்தாங்கன்னு ஆயிடும்.”

“ஊரு என்னமோ சொல்லிட்டுப் போவுது. அதுக்கா நீ கஷ்டப்படணும்?”

“நேத்து ஊரு சொன்னதுக்குத்தானே நீங்க இன்னைக்கு லீவு போட்டு வந்தீங்க.”

அவள் கடைசிச் சோறு வரைக்கும் சாப்பிட்டு முடிக்கும்வரை பார்த்திருந்துவிட்டு, பாரத்தை அவள் பக்கம் தள்ளினார். “கையெழுத்து என்னோடது போட்டாச்சு. கொடுக்கிறதும் கொடுக்காததும் நீ பாத்துக்க. கொடுத்தாலும் நான் ஏன்னு கேக்கமாட்டேன்.”

கார் போன பிறகு அவள் பிற்பகல் வகுப்பில் போய் உட்கார்ந்தாள். வேதியியல். நாற்பது நிமிடத்தில் ஒரு வரி எழுதவில்லை.

சனிக்கிழமை மதியம் ஒன்றரைக்கே சமையலறைக்குப் போனாள். காக் ரொகாயா மாலைக்கான கறியை அண்டாவில் கிளறிக்கொண்டிருந்தாள். தினேஸ்வரி மன்னிப்புக் கேட்டாள். காக் ரொகாயா அகப்பையை நிறுத்தவில்லை.

“ஏன் வராமல் இருந்தாய்? உப்பா?”

“உப்பா?”

“நோன்பில் நான் ருசி பார்ப்பதில்லையே. நாக்கில் வைத்துத் துப்பலாம் என்பார்கள். எனக்கு மனம் ஒப்பாது. கண்ணால்தான் உப்புப் போடுகிறேன். உன் தட்டில் கூடிப்போய்விட்டது போல, அதனால்தான் இந்தப் பிள்ளை வரவில்லை என்று நாலு நாளும் குறைத்துக் குறைத்துப் போட்டேன்.”

“உப்பு சரியாகத்தான் இருந்தது, காக்.”

“அப்படியென்றால் இதைப் பார்.” அகப்பையில் கறிச்சாற்றை எடுத்து ஒரு குட்டிக் கிண்ணத்தில் ஊற்றி நீட்டினாள். கோழிக் கறி. தினேஸ்வரி ஊதிக் குடித்தாள். உப்பு குறைவாக இருந்தது. புளியும் கொஞ்சம் போதவில்லை. சொன்னாள். காக் ரொகாயா கைநிறைய உப்பை அள்ளி அண்டாவில் தூவி, மறுபடி ஊற்றிக் கொடுத்தாள். முந்நூற்று எண்பத்தாறு பேருக்கான கறி. அந்தக் கட்டடத்தில் அந்த நேரத்தில் அதைக் குடித்துப் பார்த்துச் சொல்லக்கூடிய நாக்கு ஒன்றுதான் இருந்தது.

அன்று முதல் தட்டு சமையலறைக்குள்ளேயே வந்தது. கவிழ்த்த பிளாஸ்டிக் கூடையில் உட்கார்ந்து, அடுப்புச் சத்தத்தில் சாப்பிட்டுவிட்டு, உப்புச் சொல்லிவிட்டுப் போவாள். பேச்சு அதிகம் கிடையாது. காக் ரொகாயாவுக்கு இடுப்பு வலி. பேசுகிற ஆளும் இல்லை. “கூடுதலா?” “சரி.” “இன்னும் கொஞ்சமா?” “ஒரு பிடி.” பத்து நிமிடத்தில் முடிந்துவிடும்.

நோன்பை விட்டதும் அதோடு கிடைத்த நெருக்கமும் போய்விட்டது. சனிக்கிழமை மாலை அய்னா, “இன்று புவாசா இல்லையா?” என்று கேட்டாள். “இல்லை, மதியம் சாப்பிட்டேன்.” “ஓ. சரி.” அதில் கோபமோ குறையோ ஒன்றுமில்லை. ஆனால் பேரீச்சம்பழத் தட்டு எதிர்ப்பக்கமாகவே போய் வந்தது. இரண்டு நாளில் தினேஸ்வரி மறுபடி மேசைக் கோடிக்கு வந்துவிட்டிருந்தாள். யாரும் தள்ளவில்லை, இடம் தானாகவே அப்படி அமைந்தது. விடியற்காலையில் யாரும் கால் கட்டைவிரலைப் பிடிக்கவில்லை. இருபத்திரண்டு பேர் இருட்டில் செருப்பைத் தேடி, குசுகுசுத்து, அவளை எழுப்பிவிடக்கூடாது என்று நுனிக்காலில் வெளியேறுவதை அவள் விழித்துக்கொண்டு கேட்பாள். அவர்கள் அவளுக்காகத்தான் சத்தமில்லாமல் போனார்கள். அந்த அக்கறைதான் தாங்கவில்லை.

ஒருநாள் மாலை, “இப்போதெல்லாம் கறி நன்றாயிருக்கிறதே,” என்று யாரோ சொன்னார்கள். “காக்குக்குக் கை வந்துவிட்டது,” என்றாள் அய்னா. தினேஸ்வரி குனிந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

பாரம் வேதியியல் புத்தகத்துக்குள் இருந்தது. கொடுத்துவிடலாம் என்று நாலு தடவை அலுவலகம்வரை போனாள். ஒவ்வொரு தடவையும் வீட்டு வேலிக்கு அந்தப் பக்கம் நல்லம்மாள் பேசப்போகிற குரல் மனத்துக்குள் கேட்டது. ‘நாங்க போயிக் கேட்டதும்தான் விட்டாங்க.’ வீட்டில் அப்பா மறுத்துச் சொல்வார். மகளே திரும்பி வந்து நிற்கும்போது அப்பா சொல்வதை யார் நம்புவார்கள்? காக் ரொகாயா குறிப்பேட்டை மூடிக் கீழே பார்த்ததை அந்த இருபத்திரண்டு வீட்டில் ஒருவரும் பார்த்ததில்லை. தினேஸ்வரி இங்கே இருக்கும்வரைதான் அவள் சொன்னதற்கு ஒரு மதிப்பு.

இருபத்தேழாம் தேதி, பெருநாள் விடுமுறைக்கு எல்லோரும் வீட்டுக்குக் கிளம்பும் நாள். மூன்று முப்பத்தைந்துக்கு அலுவலகத்துக்கு எதிரே இருந்த நடைபாதையில் பாரத்தோடு நின்றாள். உள்ளே குமாஸ்தா மேசையைத் துடைத்தார், கணினியை அணைத்தார், பூச்செடிக்குத் தண்ணீர் ஊற்றினார். அவளைப் பார்த்து, “ஏதாவது வேண்டுமா?” என்று கேட்டார். “இல்லை,” என்றாள். கேட்டுவிட்டு அவர் உடனே திரும்பிக்கொள்ளவில்லை. அவள் கையில் இருந்த தாளைப் பார்த்தபடி இன்னும் கொஞ்சம் நின்றார். அவள் நகரவில்லை. நான்கு மணிக்கு அவர் கண்ணாடிச் சன்னலை இழுத்து மூடிக் கொக்கியைப் போட்டார். கொக்கி விழுந்ததும் அவளுக்கு அழுகை வந்தது. சுவர்ப் பக்கம் திரும்பி நின்று அழுது முடித்தாள்.

அறையில் பைகள் இறங்கிக்கொண்டிருந்தன. ஒருவரையொருவர் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். “நீ மாறிப் போவதாகச் சொன்னார்களே?” என்று அய்னா ஓடிக்கொண்டே கேட்டாள்.

“இல்லை. திரும்பி வாரேன்.”

“நல்லது!” என்று படிக்கட்டிலிருந்து குரல் வந்தது. கீழே அய்னாவுடைய அப்பாவின் கார் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது.

ஐந்து பத்துக்குள் வாகனங்கள் எல்லாம் போய்விட்டன. தினேஸ்வரிக்கு ஐந்தரை பஸ். காவல் அறையில் ஒரு பெரிய ஏடு இருந்தது. பெற்றோர் வந்து அழைத்துப்போன பிள்ளைகளுக்கு அவர்களே கையெழுத்துப் போட்டுவிட்டுப் போயிருந்தார்கள். தனியாகப் போகிறவள் தானே எழுதவேண்டும். பெயர், கட்டில் எண், போகும் நேரம், போகும் ஊர். கடைசிக் கட்டத்தில் திரும்பும் தேதி.

“தேதி தெரியுமா?” என்று காவலாளி கேட்டார்.

“தெரியும்,” என்று சொல்லி, ஏப்ரல் ஆறு என்று எழுதினாள். பேனாவை வைத்துவிட்டுப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்கு நடந்தாள்.